வட்டத்தை எடுத்தவர்

அன்றைக்கு மண்டி ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மண்டி முதலாளி, அவருடைய நாற்காலியில். தொண்டூரிலிருந்து வந்த விவசாயி, நின்றுகொண்டு. இரண்டு முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருடைய சம்சாரம், கதவு நிலையில் சாய்ந்து, பாஸ்புக் வைத்த மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு. கம்ப்யூட்டர் முன்னால் நான். எனக்குப் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு, அந்த சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்த தம்பி. வெளியே மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை. உள்ளே பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்காது. கேட்கிறதோ என்று நான் இரண்டு தடவை ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.

யார் யார் இருந்தார்கள் என்று இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த அறையில் ஒருவர் ஒரு பொய் சொன்னார். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். சொன்னவர் ஒருத்தர். இன்னொருத்தி நான்.

அந்தத் தம்பியின் பெயரைப் போடப் போவதில்லை. இப்போது எங்கே வேலை தேடுகிறாரோ, என்னால் அதுவும் கெட்டுப் போக வேண்டாம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செஞ்சிக்கே திரும்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மொபைல் கடையின் மாடியில் ஒற்றை அறை. போர்வெல் லாரிக்காரருக்கு, கல்யாண மண்டபத்துக்கு, எங்கள் நெல் மண்டிக்கு என்று யாருக்குக் கம்ப்யூட்டரில் எது வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுப்பார். எல்லாருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஆயிடுச்சு."

"தம்பி, பில்லுல ஊர் பேரு வரலையே?"

"ஆயிடுச்சுக்கா."

இனிமேல்தான் செய்யப் போகிறார் என்று அர்த்தம். போன் பண்ணி எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் "வந்துட்டேன்" என்பார், பின்னால் அனந்தபுரம் ரோட்டு பஸ் ஹாரன் அடிக்கும். சாப்பிட்டீர்களா என்றால் "ஆச்சுக்கா". உதடு காய்ந்து தோல் எழும்பியிருக்கும். ஒரு நாள் என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். "வாசனை மட்டும் பாக்கறேன்" என்றவர் மூடியில் ஒட்டியிருந்த பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை. தள்ளிவிடுவதோடு சரி.

ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் நானும் நினைத்தேன். ஆனால் அவருக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை. எதிரில் இருக்கிற முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். யாராவது கவலையோடு ஏதாவது கேட்டால் அந்தக் கவலையை அந்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும் அவருக்கு. உண்மை பின்னால் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். பெரும்பாலும் அது வந்து சேர்ந்துகொண்டும் இருந்தது. அதுதான் சிக்கல்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். என் நைனா இதே மண்டியில் மூட்டை தூக்கியவர். அவருக்கு முதுகு போன பிறகு முதலாளி என்னைச் சீட்டு எழுதக் கூப்பிட்டார். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அதற்கு முன்னாலும் என்னையே உட்கார வைத்தார். இந்த நாற்காலி போனால் எனக்கு வேறு நாற்காலி கிடையாது. எனக்குப் பயம் அதிகம். வீட்டைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்து நாலாவது தடவை இழுத்துப் பார்த்தவள் நான்.

அவர் தன்னுடைய வேலை என்ன என்று ஒரு தடவை எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. மத்தியானம், ஏலம் முடிந்து முற்றம் காலியாக இருந்தது.

"நெல்லு கொட்டுனதும் குமியல் மேல ஒரு சீட்டு சொருகறீங்க இல்ல?"

"ஆமா. பேரு, ஊரு, எத்தன மூட்டைன்னு."

"அதுல இருக்கறதே உங்க நோட்டுலயும் இருக்குது இல்ல? இப்ப யாரோ ஒருத்தன் வந்து குமியல் சீட்டுல அறுவத அடிச்சிட்டு எழுவதுன்னு எழுதிட்டுப் போறான். நோட்டுல எவ்ளோ இருக்கும்?"

"அறுவதுதான் இருக்கும்."

"காசு எதைப் பாத்து குடுப்பீங்க?"

"நோட்டைப் பாத்துதான்."

"அவ்ளோதான்க்கா என் பொழப்பு. நீங்க திரையில பாக்கற பெட்டி இருக்குதே, அது குமியல் சீட்டு. உள்ள எங்கியோ நோட்டு இருக்குது. இதை மாத்துனா அது மாறணும், அது மாறுனா இது மாறணும். ரெண்டும் ஒண்ணா இருக்குதா, ஒண்ணா இருக்குதான்னு பாத்துக்கினே இருக்கணும். சென்னையிலயும் இதத்தான் பண்ணிக்கினு இருந்தேன். ஏசி போட்ட ரூமுல."

சிரித்தேன். புரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை, தந்திருந்தால் ஒன்பதாவது போயிருப்பேனோ என்னவோ. ஆனால் அன்றைக்கு என் மனதில் தங்கியது வேறு. ஒருத்தரும் வந்து சீட்டில் எதுவும் எழுதவில்லை, அப்போதும் இரண்டும் வேறு வேறாக இருந்தால் யாருக்குத் தெரியும்? அதைக் கேட்க நினைத்தேன். கேட்டால் "ஆயிடுச்சுக்கா" என்பார் என்று விட்டுவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் ஒன்று நடந்தது. மண்டபத்தின் மேனேஜர் காலையில் திறந்து வைத்த பக்கத்தை மூடாமலே வைத்திருந்தார். அதில் ஒரு முகூர்த்த நாள் காலி என்று காட்டியது. நடுவில் அவருடைய மச்சான் தன் போனிலிருந்து அதே நாளை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மேனேஜரின் திரைக்கு அது தெரியவில்லை, காலி காலி என்றே காட்டிக்கொண்டிருந்தது. சாயந்தரம் அவரும் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்களுக்குப் பாதி கொடுத்தும் முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

நானாக இருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பேன். இவர் இரண்டு வீட்டுக்கும் வண்டியில் போனார். என்ன பேசினாரோ, விடியற்காலை முகூர்த்தம் ஒரு வீட்டுக்கு, ஒன்பது மணி முகூர்த்தம் இன்னொரு வீட்டுக்கு என்று ஆனது. ஒரே மேளம், ஒரே பந்தல், ஒரே சமையல்காரர், செலவில் பாதி. இரண்டு வீட்டாரும் சந்தோஷப்பட்டு இவரைப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் எங்கள் மண்டிக்கு வந்தபோது தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு பண்ணவனுக்குப் போய் சால்வ போத்தறாங்கய்யா! நான் இருவது வருசமா ஒழுங்கா சாவி வெச்சிக்கினு இருக்கேன், ஒரு துண்டு கூட போத்தல எவனும்."

"எல்லாத்தையும் பேசியே சரி பண்ணிட முடியுமா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"பண்ணிட்டனேக்கா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அவருடைய அம்மா விஷயமும் இருக்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்து சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வர நாலு நாள் ஆகும். இவர் அன்றைக்கே அம்மாவிடம் "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தம்மா கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, எனக்குக்கூடப் பிரசாதம் கொடுத்தனுப்பினார்கள். நாலாம் நாள் வந்த ரிசல்ட் அப்படி இல்லை.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"நாலு நாளு தூங்குனாங்க இல்லக்கா."

அவர் செய்தது சரியென்றும் தோன்றுகிறது. பிரசாதத்தை நினைத்தால் பதறுகிறது.

இனி வட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த சாஃப்ட்வேரில், விவரத்தைப் போட்டு "சேமி" என்று அழுத்தினால், நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். நாம் போட்டது எங்கேயோ போய்ப் பதிவாகி, ஆகிவிட்டது என்று அங்கேயிருந்து பதில் வரும் வரை சுற்றும். வந்த பிறகு பச்சை டிக் விழும். எங்கள் மண்டி மலைக்குப் பின்பக்கம், டவர் வரும் போகும். தை, மாசியில் என் மேஜைக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள். வட்டம் சுற்றும். நாற்பது பேரும் அதையே பார்ப்பார்கள். நான் திரும்ப அழுத்துவேன், திரும்ப அழுத்துவேன். ஒரே குவியல் மூன்று தடவை பதிவாகும். முதலாளி கத்துவார். ராத்திரி கண்ணை மூடினாலும் அது சுற்றியது.

ஒரு நாள் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "அந்த ரவுண்டு சுத்தறத மட்டும் எடுத்துடு தம்பி. அது நிக்கற வரைக்கும் என்னால வேற எதையும் பாக்க முடியல."

என் முகத்தைப் பார்த்தார். "ஆயிடுச்சுக்கா" என்றார். அந்தத் தடவை நிஜமாகவே மத்தியானத்துக்குள் ஆகிவிட்டது.

அழுத்தியதும் உடனே பச்சை டிக். போக வேண்டியது பின்னால் மெதுவாகப் போய்க்கொள்ளும், நான் காத்திருக்க வேண்டாம். கரண்ட் போனால் டைப் செய்தது அழிகிறதே என்று இன்னொரு நாள் புலம்பினேன். அதற்கும் வழி செய்தார். நான் போட்டது எதுவானாலும் என் மெஷினிலேயே ஒரு பிரதி தங்கிவிடும், நிறுத்தித் திறந்தாலும் போட்டது போட்டபடி இருக்கும். அந்த சீசன் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன். இரண்டு கிலோ கூடினேன். என் வீட்டுக்காரர்கூட, "இன்னா, மண்டியில வேலைய உட்டு நிறுத்திட்டாங்களா, சிரிச்சிக்கினு வர்ற?" என்று கேட்டார்.

தொண்டூர்க்காரர் வந்தது மாசி கடைசியில், ஒரு திங்கட்கிழமை. அறுபத்து நாலு மூட்டை வெள்ளைப் பொன்னி. கூலியெல்லாம் போக ஒரு லட்சத்து ஆறாயிரத்து நானூறு ரூபாய் அவருக்கு வர வேண்டும். கணக்கு முடிந்ததும் என் மேஜையில் முழங்கையை ஊன்றிக் குனிந்தார்.

"பாப்பா, ஒரு ஒதவி. போன வருசம் குடுத்த பேங்க் கணக்குல மட்டும் பணத்தப் போட்டுடாத. என் தம்பி டிராக்டர் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் கட்டாம திருப்பூர் ஓடிட்டான். அதுல பணம் உழுந்தா பேங்க்காரன் அப்படியே புடிச்சிக்குவான். வேற பேங்க்ல புதுசா தொறந்திருக்கேன். அத எழுதிக்க."

"சரிங்கய்யா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள குத்தகப் பணம் குடுக்கணும் பாப்பா. மூணு ஏக்கரா. இல்லன்னா வேற ஆளுக்கு உட்டுடுவாங்க. ரெண்டு பேரு இப்பவே கேட்டுக்கினு நிக்கறானுங்க."

புது எண்ணைப் போட்டேன். அவருடைய சம்சாரம் பாஸ்புக்கை நீட்டி, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார்கள். நான் உரக்கப் படித்தேன். "சேமி" அழுத்தினேன். பச்சை டிக். அந்தம்மா "டிக்கு உழுந்துடுச்சு வா" என்று கணவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

என் புத்தி எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புது எண்தான். புதன்கிழமை முதலாளி பணம் அனுப்பப் போகிறார் என்றதும் மறுபடி பார்த்தேன். புது எண். மெஷினை நிறுத்தித் திறந்துகூட ஒரு தடவை பார்த்தேன். புது எண்ணேதான்.

வியாழக்கிழமை காலை கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். பணம் பழைய கணக்கில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே டிராக்டர் கடனுக்குப் போய்விட்டது.

முதலாளி தம்பிக்குப் போன் போட்டார். "வந்துட்டேண்ணா" என்றவர் அன்றைக்கு உண்மையிலேயே ஐந்து நிமிஷத்தில் வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தார். என் திரையில் தொண்டூர்க்காரர் பக்கம் இருந்தது. அவர் லேப்டாப்பிலும் அதே பக்கத்தைத் திறந்தார். இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒரே பேர், ஒரே ஊர், அதே அறுபத்து நாலு மூட்டை. என்னுடையதில் புது எண். அவருடையதில் பழைய எண்.

அந்தம்மாதான் முதலில் வந்து என் திரையைத் தொட்டார்கள், பிறகு அவர் திரையை. "நான் வெரல் வெச்சி பாத்தனே" என்றார்கள். "இதுலதானே பாத்தேன். இதுல நம்பர் சரியாத்தானே கீது?"

திங்கட்கிழமை நான் அழுத்திய நேரத்தில் டவர் இல்லை. போக வேண்டியது போகவில்லை. தம்பி எழுதி வைத்தபடி சாஃப்ட்வேர் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டது. என் மெஷின் மட்டும் நான் போட்ட பிரதியை வைத்துக்கொண்டு, நான் பார்க்கும்போதெல்லாம் அதையே காட்டியது. முதலாளி பணம் அனுப்பியது உள்ளே இருந்த எண்ணுக்கு. மூன்று தடவை பார்த்தேன் என்றேனே, மூன்று தடவையும் நான் பார்த்தது குவியல் சீட்டை.

"முன்னல்லாம் ஒரு ரவுண்டு சுத்துமே" என்றார் முதலாளி. "பதிவானப்புறம்தானே டிக்கு வரும்? அது எங்க போச்சு?"

"எடுத்துட்டேண்ணா."

"ஏன் எடுத்த?"

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலாவது சொல்லியிருப்பேன் என்று இப்போது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

"பாக்க நல்லா இருக்கும்னு நானாதான் எடுத்தேண்ணா" என்றார்.

"பாக்க நல்லா இருக்கறதுக்கு இது இன்னா ஜவுளிக்கடையாய்யா?" என்று முதலாளி மேஜையைத் தட்டினார். "நான் பணம் அனுப்பிட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்த நம்பருக்கு அனுப்பிட்டேன். ரசீது இருக்குது. இன்னொரு லட்சத்துக்கு நான் எங்க போறது? உன் பில்லு பாக்கி கெடையாது போ, அவ்ளோதான் என்னால முடியும்."

தொண்டூர்க்காரர் கோபப்படவே இல்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தரையாகக் கேட்டார். "நான் நம்பர மாத்தச் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கய்யா" என்றேன்.

"பாப்பா எழுதுச்சா இல்லையா தம்பி?"

"எழுதுனாங்க."

"மொதலாளி பணம் குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தாரு."

"அப்ப எல்லாரும் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "பணம் எங்கய்யா?"

மத்தியானம் பேங்குக்கும் போய் வந்தார்கள். எடுத்ததைத் திருப்ப வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடன் குறைந்திருக்கிறதே, நல்லதுதானே என்று அங்கே ஒருத்தர் ஆறுதல் வேறு சொன்னாராம். "குத்தகக்காரங்க கிட்ட அந்த நல்லத எடுத்துக்கினு போய்க் குடுக்கட்டுமா?" என்று அந்தம்மா கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

"நான் தர்றேன்ய்யா. மொத்தமும் தர்றேன்" என்று தம்பி சொன்னார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக "ஆயிடுச்சு" என்று சொல்லும்போது இருக்கிற முகம்தான். பயமாக இருந்தது. ஆனால் சாயந்தரமே இருபதாயிரம் தொண்டூர்க்காரருக்கு வந்துவிட்டது, பாஸ்புக்கிலேயே ஏறியது. அம்மாவின் அடுத்த ஊசிக்கு வைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நிலத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குத் தம்பியே போனார். மண்டப விஷயத்தில் போன மாதிரி, அதே வண்டியில், இஸ்திரி போட்ட சட்டையோடு. இருபதாயிரத்தை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், மீதிக்கு மூன்று மாசம் கொடுங்கள் என்று பேசியிருக்கிறார். அந்த மனிதர் காபி கொடுத்து, முழுக்கக் கேட்டு, தொண்டூர்க்காரர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றுகூட விசாரித்துவிட்டு, நிலத்தை நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்து மண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முடியலக்கா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொம்பை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, நான் சொல்லித்தானே எடுத்தீங்க. ஏன் நேத்து அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லியிருந்தா உங்க வேல போயிருக்கும். எனக்கு பில்லு பாக்கிதான போச்சு." சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க கேட்டது ரவுண்ட எடுக்கத்தான்க்கா. போய் சேரலன்னா சேரலன்னு சொல்ல வேண்டியது என் வேல. செவப்பு எழுத்துல ஒரு வரி வர மாதிரி எழுதிதான் வெச்சிருந்தேன். அதப் பாத்தா நீங்க பயந்துடுவீங்கன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். என் பயத்தை அப்படி மதித்து நடந்துகொண்ட இன்னொரு ஆள் எனக்குக் கிடைத்ததில்லை. என்னைப் பெற்றவர்கள்கூட "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மரியாதைதான் இன்னொரு குடும்பத்தின் நிலத்தை எடுத்துக்கொண்டது. இதை எப்படிப் பிரித்து வைத்துப் பார்ப்பது?

அந்த வாரமே வட்டத்தைத் திரும்ப வைத்துக் கொடுத்தார், காசு வாங்காமல். இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே "பதிவில் இருப்பது" என்று சின்ன எழுத்தில் இன்னொரு வரி வரும். நான் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை உரக்கப் படிக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் "இன்னாம்மா, ஜபம் பண்ற?" என்று கிண்டல் செய்கிறார்கள். வட்டம் சுற்றுகிறது. கீழே தெரிகிற வரியும் எங்கேயோ யாரோ என் நிம்மதிக்காக எழுதி வைத்ததோ என்று சந்தேகம் வருகிறது. அதற்கும் கீழே பார்க்க எனக்கு வழி தெரியாது.

அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். "நல்ல கம்பெனிக்கா, சேந்துட்டேன்" என்று போனில் சொன்னார். சேர்ந்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் மாசம் நாலாயிரம் என் கணக்குக்கு வரும், நான் எடுத்துத் தொண்டூர்க்காரருக்குக் கொடுப்பேன். ஐந்து மாசம் வந்தது. ஆறாவது மாசம், "நாளைக்கு போட்டுடறேன்க்கா" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்புவதற்கெல்லாம் படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதற்கும் நீலக் குறிதான்.

தொண்டூர்க்காரர் இப்போது குத்தகை ஏதும் செய்யவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறார். போன அறுப்புக்கு அந்த மூன்று ஏக்கரிலேயே போனாராம், அவர் சொல்லவில்லை, அந்தம்மா சொன்னார்கள். முதலாளி ஒரு தீபாவளிக்கு மனது இளகி ஐயாயிரம் கொடுத்தார், அதோடு அவர் கதவு மூடிவிட்டது.

மாசம் பிறந்து முதல் ஞாயிறு தொண்டூர்க்காரர் வருவார். ஆறாவது மாசம் வந்து நின்றபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். என் சம்பளத்திலிருந்து ஆயிரத்தை எடுத்து, "தம்பி அனுப்பிச்சிருக்குதுய்யா, இந்த மாசம் கொஞ்சம் கம்மியா" என்று கொடுத்துவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அதிலிருந்து ஏழு மாசமாக அப்படியே ஓடுகிறது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தம்பியின் பெயரும் போகும், நீ ஏன் கொடுக்கிறாய் என்ற கேள்வியும் வரும், அதற்குப் பதில் அந்த வட்டத்தில் போய் நிற்கும்.

போன ஞாயிறும் வந்தார். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்ல புள்ளம்மா அது. கஷ்டத்துலயும் ஒரு மாசம் தவற உடல பாரு. போன் பண்ணா நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்ய்யா."

"இன்னும் எவ்ளோ வரணும் பாப்பா?"

"ஐம்பத்து நாலாயிரத்து நானூறு ரூபாய்ய்யா."